கடலின் வரவும் செலவும்

ஆனந்தரங்கரின் நாட்குறிப்பைப் புரட்டுவோர் கண்ணில் மீண்டும் மீண்டும் படுவது கப்பல். 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை புதுச்சேரிக் கடலில் எந்தக் கப்பல் வந்து நின்றது, எங்கிருந்து வந்தது, என்ன சரக்கை ஏற்றி எந்நாளில் பாய் விரித்தது என்பனவற்றை அவர் ஆர்வத்தோடு எழுதிவைத்தார். அக்காலத்தில் புதுச்சேரிக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு எனப்படும் படகுகள் அலைகளைக் கடந்துசென்று சரக்கையும் ஆள்களையும் கரைசேர்த்தன. வணிகரும் துபாசியுமாகிய ஆனந்தரங்கருக்குக் கப்பலின் வரவே ஊரின் நாடித்துடிப்பாக இருந்தது. கப்பல் தாமதித்தால் துணிப்பொதிகள் தேங்கும். பொதிகள் தேங்கினால் உள்நாட்டு நெசவாளர் வரை அத்தளர்ச்சி சென்று சேரும். கடலைக் கண்காணித்தல் என்பது அவருக்கு ஏட்டுக்கல்வியன்று. பிழைப்போடு ஒட்டிய அன்றாடப் பணி.

ஆயினும் அவர் எழுதியது பெரும்பாலும் வரவுக் கணக்கு. கடல் கொண்டுவந்து தருவதை எண்ணினார். கடற்கரையின் அகலத்தை அளந்து குறிக்கவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. கரை என்றும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பிய காலம் அது. இன்று அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. எனினும் ஒரு நாடு தன் கடல்சார் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் பெரிதும் பேசப்படுவது வரவு மட்டுமே.

இந்தியாவின் கடற்கரை நீளம் நீண்ட காலமாக 7,516 கிலோமீட்டர் என்று பாடநூல்களில் அச்சிடப்பட்டு வந்தது. கரையின் வளைவு நெளிவுகளை நுட்பமாக அளந்த பின்னர் அந்நீளம் 11,098 கிலோமீட்டர் என அண்மையில் திருத்தப்பட்டுள்ளது. கரை வளர்ந்துவிடவில்லை, அளவுகோல் நுண்மையாயிற்று. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை விரியும் தனிப்பொருளாதார மண்டலம் ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, துறைமுகம், உப்பு, எண்ணெய் எரிவளி, கடற்கரைச் சுற்றுலா, கடற்காற்றாலை என இப்பரப்பையும் கரையையும் சார்ந்து நிகழும் தொழில்கள் அனைத்தையும் இன்று நீலப் பொருளாதாரம் என்று அழைக்கின்றனர். 2021ஆம் ஆண்டு புவி அறிவியல் அமைச்சகம் பொதுமக்கள் கருத்தறியும் பொருட்டு வெளியிட்ட கொள்கை வரைவில், இத்தொழில்களின் பங்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 4 விழுக்காடு என மதிப்பிடப்பட்டிருந்தது. அவ்வரைவு எடுத்துக்கொண்ட ஏழு துறைகளுள் ஒன்று, நீலப் பொருளாதாரத்துக்கெனத் தேசியக் கணக்கு முறை ஒன்றை வகுப்பதாகும். பொருளாதாரத்தை வளர்க்கும் திட்டத்தில் கணக்கு எழுதுவது தனியொரு துறையாக இடம்பெற்றது சிந்திக்கத்தக்கது. வளர்க்க விரும்பும் பொருள் எவ்வளவு என்பதே இன்னும் தெளிவாகவில்லை என்பதன் ஒப்புதல் அது.

இத்தெளிவின்மை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. போர்த்துகல் நாடு தன் கடல்சார் தொழில்களுக்கெனத் தனித் துணைக்கணக்கை 2016இல் வெளியிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதுபோன்ற கணக்கின் முதல் வடிவத்தை 2020இல்தான் வெளியிட்டன. ஓர் உணவகம் கடற்கரையில் இருந்தால் அதன் வருவாயைக் கடலின் கணக்கில் எழுதுவதா, நகரத்தின் கணக்கில் எழுதுவதா என்பதுபோன்ற வினாக்கள் எளியவை போலத் தோன்றினும் எளியவை அல்ல. இவற்றுக்கெல்லாம் வல்லுநர்கள் விடை கண்டுவிடுவர். விடைகாணக் கடினமான வினா வேறொன்று உண்டு: கடலோரத்தில் ஒரு கரை அழிந்தால் அந்த இழப்பை எந்த ஏட்டில், எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? புதுச்சேரியின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவைக் கல்லும் மணலுமாகக் கண்முன் நிறுத்துகிறது.

அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, உரோமானிய நாட்டோடு இவ்வூருக்கிருந்த வணிகத் தொடர்பை உறுதிப்படுத்தினார். அதே ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில்தான் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. படகுகள் பாதுகாப்பாக ஒதுங்க இடம் வேண்டும். கப்பல் வணிகம் பெருக வேண்டும். நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரையின் மணல் அசையாப் பொருளன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து மோதிக் கரைமணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அதே மணல் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வடக்கே செல்லும் மாதங்கள் மிகுதி. தெற்கே திரும்பும் மாதங்கள் குறைவு. ஆகவே ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், பல இலட்சம் கனமீட்டர் மணல் வடக்கு நோக்கிச் சென்றிருக்கும். கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஆறு கரையோரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றே இதனைக் கொள்ளலாம்.

அந்த ஆற்றின் குறுக்கே கற்சுவர் எழுந்தது. சுவரின் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே மணல் வரத்து நின்றது. வரத்து நின்ற கரையை அலை அரித்துக்கொண்டே சென்றது. ஒருகாலத்தில் மக்கள் அமர்ந்து காற்று வாங்கிய அகன்ற மணற்பரப்பு சில ஆண்டுகளுக்குள் மறைந்தது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் சாலையைக் காத்தன, அரிப்பை நிறுத்தவில்லை. அது வடக்கே நகர்ந்தது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலைநகர் எனப் புதுச்சேரியின் மீனவர் குடியிருப்புகளைத் தொட்டு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை சென்றது. கட்டுமரத்தை இழுத்து நிறுத்தவும் வலையை உலர்த்திச் செப்பனிடவும் மணல் வேண்டும். மணல் போனபின் அந்த வேலைகளுக்கு இடமில்லை. கருங்கற்களின்மீது படகை இழுக்க முடியாது என்பதைக் கடற்கரையில் பிறந்த எவரும் அறிவர்.

இது முன்னறிய முடியாத விபத்தன்று. இதே கரையில், நூறாண்டுகளுக்கு முன்னரே, சென்னை இப்பாடத்தைப் படித்திருந்தது. அங்கு 1870களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் கடல் ஊருக்குள் நுழைந்தது. மெரினாவின் அழகைப் பாராட்டுவோர் அதன் விலையை இராயபுரம் செலுத்தியதை நினைப்பதில்லை. புதுச்சேரித் துறைமுகத்தை வடிவமைத்தோரும் மணல் நகர்வை அறியாதவரல்லர். தெற்கே குவியும் மணலை இறைத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அவ்வேற்பாடு ஆண்டுதோறும் இடையறாமல் நடைபெறவில்லை என்பதே நிகழ்ந்த பிழை.

ஏன் நடைபெறவில்லை என்று கேட்பின், நிதி, நிர்வாகம், பொறியின் பழுது எனப் பல காரணங்கள் சொல்லப்படலாம். அடிப்படைக் காரணம் கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. சுவர் எழுப்புவது முதலீடு எனப்படுகிறது. அதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணலை இறைப்பது பராமரிப்புச் செலவு எனப்படுகிறது. அதற்கு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. நிதி குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது பராமரிப்பே. அதனை நிறுத்தியதால் விளைந்த இழப்போ எந்த ஏட்டிலும் பற்று வைக்கப்படவில்லை. துறைமுகத்தில் இறங்கிய மீனின் மதிப்பு வரவில் ஏறியது. வடக்கே கரைந்த கரையின் மதிப்பு எங்கும் ஏறவில்லை. விந்தை என்னவெனில், அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லின் விலைகூடக் கட்டுமானப் பணியாக உற்பத்திக் கணக்கில் சேர்ந்துவிடும். நோயாளி வாங்கிய மருந்தை அவனது செல்வமாக எண்ணுவதற்கு இது ஒப்பாகும்.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கரைமாற்றத்தை வரைந்துள்ளது. நாட்டின் முதன்மைநிலக் கரையில் மூன்றிலொரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியுள்ளது என்பது அதன் முடிவு. புதுச்சேரியின் கரையிலோ பாதிக்கும் மேல். அறிவியலாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தந்த இவ்வரைபடம் செலவுப் பக்கத்தின் முதல் வரி. அடுத்த வரிகளை எழுதுவது பொருளியலாளரின் பொறுப்பும் ஆட்சியாளரின் பொறுப்பும் ஆகும்.

செலவை உணர்ந்தபின் செய்யத்தக்கது உண்டு என்பதற்கும் புதுச்சேரியே சான்று. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பு ஒன்று 2018இல் நகரக் கரைக்கு எதிரே கடலுக்குள் அமிழ்த்தப்பட்டது. நீருக்குள் மூழ்கிய அச்செயற்கைத் திட்டு அலையின் வேகத்தைத் தணிக்க, அதன் பின்புறத்தில் மணல் தங்கத் தொடங்கியது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. முப்பதாண்டுகளுக்குப் பின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மீண்டும் மணல் கண்ட நகர மக்கள் குழந்தைகளோடு அங்குத் திரண்டனர். பாராட்டத்தக்க பணிதான். ஆயினும் இதனை முடிந்துபோன வெற்றியாகக் கொண்டாடுவது பழைய பிழையையே மீண்டும் செய்வதாகும். மணல் இங்குத் தங்கினால் வடக்கே செல்வது எவ்வளவு குறைகிறது? ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் கரை அளக்கப்படுகிறதா? தூர்வாரும் பணி ஆண்டுதோறும் நிகழ்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை எழுதிக்கொண்டே இருந்தால்தான் எஃகுத் திட்டு பயன்தரும்.

மணலைவிட மீனை எண்ணுவது கடினம். மணல் கரையிலாவது தெரியும். எனினும் இத்துறையில் இந்தியாவுக்குப் பெருமைக்குரிய மரபு ஒன்று உண்டு. விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரியில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு மண்டபத்தில் இயங்கிவந்தது; பின்னர் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்களில் வந்து சேரும் ஒவ்வொரு படகையும் நிறுத்தி எடைபோடுதல் இயலாது. ஆகவே இடத்தையும் நாளையும் படகையும் மாதிரி முறையில் தேர்ந்து, இறங்கும் மீனை இனம் பிரித்து எடைகண்டு, அதிலிருந்து முழுக்கரையின் பிடிப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறையை அந்நிறுவனம் வளர்த்தெடுத்தது. விடியற்காலையில் ஏலக் கூச்சலுக்கு நடுவே குறிப்பேட்டோடு நின்று மீனை அளந்தவர்களின் உழைப்பால்தான் எந்த இனம் பெருகுகிறது, எது அருகுகிறது என்பது இன்று தெரிகிறது.

இங்கும் வரவு செலவுச் சிக்கல் உண்டு. சிறுகண் வலையில் சிக்கும் மீன்குஞ்சுகள் உண்பதற்கு ஆகா. அவை கிலோக் கணக்கில் மீன்தூள் ஆலைகளுக்குச் செல்கின்றன. ஏட்டில் அது வரவு. அக்குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டிருந்தால் கிடைத்திருக்கும் மீனை யார் எழுதுவது? இவ்விழப்பை உணர்ந்த கேரளம் 2015 முதல் இன்ன மீனை இன்ன நீளத்துக்குக் குறைவாகப் பிடிக்கலாகாது என்று அளவு வகுத்தது. அந்த அளவுகளைப் பரிந்துரைத்தது மேற்கண்ட நிறுவனமே. எண்ணியதால்தான் விதிக்க முடிந்தது. ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருப்பதும், மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் செல்லாதிருப்பதும் இவ்வகைக் கட்டுப்பாடுகளே. புதுச்சேரி அரசுக்கு இதில் வேடிக்கையான நிலை. புதுச்சேரியும் காரைக்காலும் ஒரு காலத்தில் அடங்கியிருக்க, மாகே வேறொரு காலத்தில் அடங்கியிருக்கும். ஓர் ஆட்சிக்கு இரு கடற்பஞ்சாங்கம்.

தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் உதவித்தொகையைச் சலுகை என்று கருதுவோர் பலர். அக்கருத்து தவறானது. கடலில் மீன் பெருக இடந்தரும் பொருட்டு இரு மாத வருவாயைத் துறந்து நிற்பவர்கள் நாட்டின் செல்வத்தைக் காக்கும் பணியில் இருப்பவர்கள். அத்தொகை பணிக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதி. சாரம் போன்ற, கடலிலிருந்து சற்று உள்ளே அமைந்த நகர்ப்பகுதிகளில் வாழ்வோருக்குத் தடைக்காலம் என்பது மீன் விலை ஏறும் காலம், அவ்வளவே. வாசலில் கூடையை இறக்கும் பெண்ணிடம் விலையைக் குறைக்கப் பேரம் பேசுவோர், அப்பெண் விடியுமுன் ஏலத்தில் நின்றதையும் பனிக்கட்டிக்கும் வண்டிக்கும் கொடுத்ததையும் எண்ணிப் பார்ப்பதில்லை. தனிமனிதரை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை. படகுக்கும் எந்திரத்துக்கும் டீசலுக்கும் மானியம் வகுத்த திட்டங்களிலும் கூடை சுமப்பவள் நெடுங்காலம் பின்வரிசையில்தான் இருந்தாள். படகு பதிவு செய்யப்படுகிறது. கூடைக்குப் பதிவு இல்லை. பதிவில் இல்லாதவருக்கு ஆதரவு சென்று சேர்வது அரிது.

கணக்கும் கண்காணிப்பும் பசித்தவனுக்குச் சோறாகுமா, அப்பணத்தை நேரே மீனவர்க்குக் கொடுத்துவிடலாகாதா என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வி. அதற்கான விடை புதுச்சேரியின் தெற்குக் கரையில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் ஊர்ப்புறங்களில் தகவல் மையங்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மீனவ ஊராகிய வீராம்பட்டினத்தில், அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எத்திசையில் வீசும் என்ற செய்திகளை இணையத்தில் பெற்றுத் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். கைப்பேசி பரவாத காலத்தில் அது பெரிய காரியம். செயற்கைக்கோள் வானில் கண்டது, கடற்கரையில் வலையைத் தோளில் போட்டவன் காதுவரை வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபின், ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் பெரும்பாலான ஊர்களுக்குச் செய்தி வரவில்லை, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். புதுச்சேரியின் நல்லவாடு மட்டும் தப்பியது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அங்குச் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வருவதை அறிந்ததும் உடனே வெளியேறுமாறு சொன்னார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேட்டுக்கு ஓடினர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த ஒலிபெருக்கியின் விலை எவ்வளவு என்று கணக்கிட்டால் ஒரு விசைப்படகின் விலையில் மிகச் சிறு பகுதியே இருக்கும்.

அதன்பின் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007இல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கைப் பிரிவு நிறுவப்பட்டது. 1999இல் தொடங்கப்பட்ட அம்மையம், மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் செயற்கைக்கோள் வழியே கணித்து அறிவிக்கிறது. கடல்நீரின் வெப்பம் மாறும் எல்லையையும் நுண்பாசி செறிந்த நிறத்தையும் கொண்டு இக்கணிப்பு அமைகிறது. வீணாகத் தேடி அலையும் டீசல் மிச்சமாகிறது. ஆயினும் இதில் எச்சரிக்கை தேவை. மீன் இருக்கும் இடத்தை விரைந்து காட்டும் அறிவியல், எவ்வளவு பிடிக்கலாம் என்பதையும் உடன் சொல்லாவிட்டால், கண்காணிப்பே கொள்ளைக்குத் துணையாகிவிடும். மேலும், நீரின் நிறத்தையும் பறவையின் போக்கையும் பார்த்து மீன் கூட்டத்தை அறியும் முதிய மீனவரின் அறிவு இக்கணிப்பேடுகளில் இடம்பெற வேண்டும். வடக்கே மணல் குறைவதை முதலில் கண்டவர்கள் செயற்கைக்கோளை இயக்குவோர் அல்லர். காலையில் கட்டுமரத்தைத் தள்ளச் சென்று, நேற்றிருந்த இடத்தில் கரை இல்லாததைக் கண்டவர்களே.

2019இல் இந்தியாவும் நார்வேயும் கடற்பரப்பைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் கூட்டு முயற்சியைத் தொடங்கின. இன்ன இடம் மீன்பிடிப்புக்கு, இன்ன இடம் கப்பல் வழிக்கு, இன்ன இடம் தொடாமல் விடுவதற்கு எனக் கடலை நில வரைபடம்போல் வகுக்கும் முயற்சி அது. முன்னோடிப் பகுதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை புதுச்சேரியும் இலட்சத்தீவும். சிறிய பரப்பில் துறைமுகம், சுற்றுலா, மீனவர் ஊர்கள், அரிப்பு ஆகிய அனைத்தும் நெருங்கி நிற்பதால் புதுச்சேரி பொருத்தமான தேர்வே. இவ்வரைபடம் வரையும் மேசையில் மீனவர் பஞ்சாயத்துக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் இருக்கை உண்டா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும்.

புதுச்சேரியின் எல்லையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். கடற்கரையில் நடந்து செல்வோருக்கு எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆனால் ஏடுகள் வேறு. துறைமுகத்தின் வரவு ஓர் அரசின் கணக்கில் ஏறுகிறது. அதனால் வடக்கே கரைந்த மணலுக்குக் கல் கொட்டும் செலவு மற்றோர் அரசின் கணக்கில் ஏறுகிறது. இவ்விரு ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்துவைத்து, ஒரே பருவத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டு, மணலை இறைக்கும் செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அதற்குப் புதிய எஃகுத் திட்டு தேவையில்லை. ஆண்டுதோறும், தென்மேற்குப் பருவம் தொடங்குமுன், துறைமுகத்தின் தெற்கே குவிந்த மணலை அளந்து வடக்கே அனுப்பினால் போதும்.